தண்டு பிடிக்கும் வயது

1971. அமெரிக்காவின் கனெக்டிகட் கல்லூரி வளாகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் நடந்து போகிறார். வழியில் ஒல்லியாக, நீளமாக ஏதோ ஒன்று கிடக்கிறது. இது என்ன என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்கிறார். அவர் படகுப் பயிற்சியாளர். பெண்ணின் உயரத்தைப் பார்த்ததும், நீ இதற்குப் பொருத்தமானவள், வந்து சேர் என்று சொல்லிவிட்டார்.

அந்த மாணவியின் பெயர் அனிடா டிஃப்ராண்ட்ஸ். இண்டியானாபொலிஸ் நகரில் வளர்ந்த கருப்பினப் பெண். என்ன பொருள் என்றே தெரியாத ஒன்றில் ஏறி உட்கார்ந்தவர், ஐந்தே ஆண்டில் மாண்ட்ரீயல் ஒலிம்பிக்கில் எட்டுப்பேர் படகில் வெண்கலம் வாங்கினார். பெண்களுக்குப் படகுப் போட்டி வைத்த முதல் ஒலிம்பிக் அது. பத்தாண்டு கழித்து, 1986-இல், சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் உறுப்பினரும் ஆனார்.

இந்தக் கதையில் என் கண்ணில் படுவது பதக்கமல்ல, வயது. பத்தொன்பது வயதில் முதல் தடவை தண்டைத் தொட்டவருக்கு அதெல்லாம் முடிந்திருக்கிறது. இன்று ஒரு பெரிய கல்லூரியின் படகுத்துறைக்குப் பத்தொன்பது வயதில் போய் நின்றால், சில இடங்களில் இன்னும் சேர்த்துக்கொள்வார்கள்தான். ஆனால் பக்கத்து இருக்கைகளில் இருப்பவர்கள் பதினான்கு வயதிலிருந்து வலித்துக்கொண்டிருப்பவர்கள். அந்த நான்கைந்து வருஷங்களுக்குக் காசு கொடுத்தது யார் என்பதில்தான் இந்த விளையாட்டின் அன்றும் இன்றும் அடங்கியிருக்கிறது.

‘வலித்தல்’ என்ற சொல்லைத் தெரிந்தேதான் போட்டேன். துடுப்புப் போடுவது வேறு, தண்டு வலிப்பது வேறு. துடுப்பைக் கையில் பிடித்து, போகிற திசையைப் பார்த்தபடி தண்ணீரைத் தள்ளுவோம். கேரளத்துப் பாம்புப் படகில் நடப்பது அது. தண்டு படகின் விளிம்போடு பூட்டியிருக்கும். போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காலை உதைத்து, உடம்பு மொத்தத்தையும் பின்னால் சாய்த்து இழுக்க வேண்டும். அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் செய்வது இரண்டாவதை.

1933-இல் சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டுப் படகுக் குழுவுக்கு ஆள் எடுத்தபோது, நூற்றுக்கும் மேற்பட்ட பையன்கள் வந்து நின்றார்கள். பெரும்பாலோர் பந்தயப் படகில் அதுவரை ஏறியதில்லை. மரம் வெட்டுகிறவர்கள், பால்பண்ணைக்காரர்கள், மீனவர்கள் வீட்டுப் பிள்ளைகள். பொருளாதார மந்தம் கழுத்தை நெரித்த காலம். ஜோ ராண்ட்ஸ் என்ற மாணவர் கோடை விடுமுறையில் கிராண்ட் கூலி அணைக்கட்டில் பாறை உடைக்கப் போனார்; கயிற்றில் தொங்கியபடி துளைக்கருவி பிடிக்கிற வேலை, மணிக்கு 75 சென்ட். அப்படிப்பட்ட பையன்கள்தான் 1936-இல் பெர்லினில் ஹிட்லர் பார்த்துக்கொண்டிருக்க எட்டுப்பேர் படகில் தங்கம் வென்றார்கள். பெர்லின் போகப் பணமில்லை என்றபோது ஊரே வசூல் செய்து கொடுத்தது. படகு, அதே பல்கலைக்கழகப் படகுக் கொட்டகையின் மாடியில் ஜார்ஜ் போகாக் என்ற தச்சர் தேவதாரு மரத்தில் இழைத்தது.

உயர்நிலைப் பள்ளியில் யாரும் அவர்களுக்குப் படகு கற்றுத் தரவில்லை, தர வேண்டிய தேவையும் இல்லை. கல்லூரிக்கு வந்தபின் கல்லூரி கற்றுத் தந்தது, தன் செலவில்.

இதைப் படித்துவிட்டு ‘அது பொற்காலம்’ என்று எழுதிவிடலாம். எழுதினால் பொய். அன்றைக்கும் கதவுகள் பூட்டித்தான் கிடந்தன, பூட்டு வேறு. இங்கிலாந்தின் ஹென்லி போட்டியில், கூலிக்குக் கைவேலை செய்கிறவன், எப்போதாவது செய்தவன், எவனும் கலந்துகொள்ளக் கூடாது என்று விதியே இருந்தது. பிலடெல்பியாவின் ஜான் கெல்லி கொத்தனார். ஐரிஷ் குடும்பத்தின் பத்துப் பிள்ளைகளில் ஒருவர். 1920-இல் அவருடைய விண்ணப்பத்தை ஹென்லி தள்ளிவிட்டது. அவர் சேர்ந்திருந்த சங்கத்தோடு இருந்த பழைய தகராறும் ஒரு காரணம், கைவேலை இன்னொரு காரணம். அதே கோடையில் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கின் ஒற்றையர் இறுதியில், அந்த வருஷம் ஹென்லியில் ஜெயித்த ஜாக் பெரெஸ்ஃபோர்டை ஒரு விநாடி வித்தியாசத்தில் தோற்கடித்தார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு இரட்டையர் தங்கத்தையும் எடுத்துக்கொண்டார். 1936-இல் ஆஸ்திரேலியாவின் ஒலிம்பிக் படகுக் குழுவையும், அவர்கள் போலீஸ்காரர்கள் என்று சொல்லி, ஹென்லி ஒதுக்கியது. அது சந்தி சிரித்த பிறகுதான், 1937-இல், அந்த விதி போனது. பத்தாண்டு கழித்துக் கெல்லியின் மகன் அதே ஹென்லிக்குப் போய் அதே கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நடிகை கிரேஸ் கெல்லியின் அண்ணன் அவர்.

பெண்களுக்கு இருந்த பூட்டு இன்னும் பெரியது. கல்வி நிலையங்களில் ஆண்-பெண் பாகுபாடு கூடாது என்ற சட்டம், டைட்டில் நைன், 1972-இல் வந்தது. நான்கு வருஷம் கழித்தும் யேல் பல்கலைக்கழகப் படகுத்துறையில் பெண்களுக்குக் குளியலறை கிடையாது. பையன்கள் வெந்நீரில் குளித்து வரும்வரை, குளிர்காலத்தில், ஈரத் துணியோடு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்கள். 1976 மார்ச்சில் பத்தொன்பது பெண்கள் விளையாட்டு அதிகாரியின் அறைக்குப் போய், உடைகளைக் களைந்து நின்றார்கள். உடம்பில் அந்தச் சட்டத்தின் பெயரை எழுதியிருந்தார்கள். குளியலறை வந்தது.

அந்தச் சட்டம் இன்னொன்றையும் கொண்டு வந்தது, அது யாரும் நினைத்துப் பார்க்காதது. அமெரிக்கக் கால்பந்து அணியில் நூறு பையன்கள் இருப்பார்கள். அதற்கு ஈடாகப் பெண்களுக்கும் இடம் கொடுக்க வேண்டும். ஒரே விளையாட்டில் நிறையப் பெண்களைச் சேர்க்க எட்டுப்பேர் படகைவிட வசதியான வழி என்ன இருக்கிறது? கல்லூரிகள் வரிசையாகப் பெண்கள் படகுக் குழு தொடங்கின. 1997-இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் பெண்கள் படகோட்டத்துக்குச் சாம்பியன் பட்டமே வைத்தது. முதல்நிலைக் கல்லூரி ஒன்று இருபது முழு உதவித்தொகைக்குச் சமமான பணத்தை இந்தக் குழுவுக்குத் தரலாம் என்பது நெடுங்காலம் விதியாக இருந்தது. ஆரம்பத்தில் பயிற்சியாளர்கள் உயரமான முதலாண்டுப் பெண்களை வழிமறித்துக் கூப்பிட்டார்கள். டிஃப்ராண்ட்ஸைக் கூப்பிட்ட மாதிரியேதான்.

பணம் இருக்கிற இடத்துக்கு ஆள் தயாராகி வருவது உலக வழக்கம். உதவித்தொகை உண்டு, நல்ல கல்லூரியில் இடம் உண்டு என்று தெரிந்ததும் பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளி வயதிலேயே ஆற்றுக்கு அனுப்பினார்கள். பழகி வந்த பிள்ளை கிடைக்கும்போது பழகாத பிள்ளையைக் கல்லூரி ஏன் தேட வேண்டும்? கல்லூரி தன் செலவில் கற்றுத் தந்த பாடம் பள்ளிக்கு இறங்கியது. பெரும்பாலான பொதுப் பள்ளிகளின் விளையாட்டுப் பட்டியலில் படகு இல்லாததால், அங்கிருந்து சங்கங்களுக்கும் பெற்றோரின் செக் புத்தகத்துக்கும் போனது. யாரும் திட்டம் போட்டுக் கதவைச் சாத்தவில்லை. கதவு பதினெட்டு வயதிலிருந்து பதினான்குக்கு நகர்ந்தது. கட்டணச் சீட்டும் கூடவே நகர்ந்தது.

இதில் ஒரு வேடிக்கை. படகோட்டத்தில் பிள்ளைக்குச் சொந்தமாக எதுவும் தேவையில்லை. கிரிக்கெட்டுக்கு மட்டை வேண்டும், டென்னிசுக்கு ராக்கெட் வேண்டும். இங்கே காலணிகூட வேண்டாம். காலணிகளைப் படகுக்குள்ளேயே திருகாணி போட்டு முறுக்கி வைத்திருப்பார்கள். செருப்பைத் துறையில் விட்டுவிட்டு ஏறி, யார் யாரோ போட்டுத் தேய்ந்த அந்தக் காலணியில் காலை நுழைத்து, வெல்க்ரோவை இழுத்து ஒட்ட வேண்டியதுதான். குதிகாலில் ஒரு கயிறு கட்டியிருக்கும். படகு கவிழ்ந்தால் கால் தானாக உருவிக்கொண்டு வருவதற்கு. பந்தயம் தொடங்குமுன் அந்தக் கயிறு சரியாக இருக்கிறதா என்று நடுவர்கள் இழுத்துப் பார்ப்பார்கள்.

காலணி இலவசம், மற்றதெல்லாம் யானை விலை. கார்பன் இழையில் வார்த்த அறுபதடி எட்டுப்பேர் படகு ஒன்று புதிதாக 40,000 டாலரைத் தாண்டும். தண்டு ஒன்றுக்குச் சில நூறு டாலர், அப்படி எட்டு. பயிற்சியாளர் கூடவே போக மோட்டார் படகு. வெளியூர்ப் பந்தயத்துக்குப் படகை ஏற்றிப் போக நீண்ட டிரெய்லர், இழுக்க வண்டி, காப்பீடு, ஆற்றோரத்தில் கொட்டகை. ஆற்றோர நிலத்தின் விலையைச் சொல்லவே வேண்டாம். இவ்வளவையும் முப்பது நாற்பது வீடுகள் பங்கு போட்டுக்கொள்ளும்போது ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர் விழுகிறது. அதற்கு மேல் சீருடை, வசந்த விடுமுறையில் தெற்கே போய்ச் செய்கிற பயிற்சி முகாம், பந்தயத்துக்குப் போகவர ஓட்டல் செலவு. சில சங்கங்கள் கழித்துப்போட்ட கல்லூரிப் படகுகளை வாங்கி ஒட்டுப்போட்டு ஓட்டுகின்றன. அவை தோற்றால், தோல்வி முடிவுப் பலகையில் தெரியும், காரணம் தெரியாது.

பணம் எழுதப்பட்ட செலவு. எழுதாத செலவு நேரம். வாரத்தில் ஐந்து நாள், பள்ளி விட்டதும் ஆற்றில் இருக்க வேண்டும். ஆறு எங்கேயோ, பள்ளி எங்கேயோ. கூட்டிப் போக கார் வேண்டும், ஓட்ட ஆள் வேண்டும். மாலையில் தம்பியைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கும் கடையில் வேலை செய்கிற பையனுக்கும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தாலும் வர முடியாது. எட்டுப்பேர் படகில் ஒருவர் வராவிட்டால் மற்ற ஏழு பேரும் கரையில்தான்.

பிலடெல்பியாவில் ஸ்கூல்கில் ஆறு ஓடுகிறது. ஊர்க்காரர்கள் வாயில் அது ‘ஸ்கூக்கில்’. ஓவியர் தாமஸ் ஈக்கின்ஸ் 1871-இல் இந்த ஆற்றில் தன் நண்பர் மாக்ஸ் ஷ்மிட் ஒற்றைப் படகில் திரும்பிப் பார்க்கிற காட்சியை வரைந்தார். இருவரும் நகரத்துப் பொதுப் பள்ளியான சென்ட்ரல் ஹைஸ்கூலில் படித்தவர்கள். 1927 முதல் இங்கே ஸ்டோட்ஸ்பெரி கோப்பை என்ற உயர்நிலைப் பள்ளிப் பந்தயம் நடக்கிறது. அதற்கு வருகிற பள்ளிகளின் பெயர்களைப் பார்த்தாலே போதும், ஒரு நாட்டின் வருமான வரைபடம் கையில் கிடைத்த மாதிரி. கரையெல்லாம் கூடாரம், அடுப்பு, மடக்கு நாற்காலி. சாப்பாடு போட ஒரு பெற்றோர் குழு, படகு கழுவ ஒரு குழு. கொத்தனார் கெல்லி அந்தக் கரையில் சிலையாக உட்கார்ந்து தண்டு வலித்துக்கொண்டிருக்கிறார்.

அதே ஆற்றில் நகரின் பொதுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று, கட்டணம் இல்லாமல், பிலடெல்பியா சிட்டி ரோயிங் என்ற அமைப்பு 2009-இல் தொடங்கியது. ஈக்கின்ஸ் படித்த ஊரில் பொதுப் பள்ளிப் பிள்ளையைப் படகேற்றத் தனியாக ஓர் அறக்கட்டளை வேண்டியிருக்கிறது. நியூயார்க்கில் ரோ நியூயார்க் 2002 முதல் இதே வேலையைச் செய்கிறது.

2019-இல் இந்த விளையாட்டு செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு வந்தது, வேறு காரணத்துக்காக. நடிகை லோரி லாக்லினும் கணவரும் இரண்டு மகள்களைத் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்க்க ஐந்து லட்சம் டாலர் கொடுத்திருந்தார்கள். படகுக் குழுவுக்கென்று எடுத்ததாகக் கணக்கு. மகள்கள் படகோட்டிகளே அல்ல. சான்றுக்கு, உடற்பயிற்சிப் படகு இயந்திரத்தில் உட்கார்ந்து எடுத்த புகைப்படம். பெற்றோர் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை போய் வந்தார்கள். ஏமாற்றுகிறவன் போலி நோட்டை அச்சடிப்பது மதிப்புள்ள நாணயத்தில்தானே. பள்ளிப் படகோட்டி என்ற பட்டம் எவ்வளவுக்கு விலைபோகிறது என்பதற்கு நீதிமன்றமே ரசீது கொடுத்தது.

அந்த இயந்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1981-இல் வெர்மாண்ட் மாநிலத்தில் ட்ரைசிகேக்கர் சகோதரர்கள் சைக்கிள் சக்கரத்தை வைத்துச் செய்தது; படகோட்டிகள் சுருக்கமாக ‘எர்க்’ என்பார்கள். இன்று ஆயிரம் டாலர் அளவில் கிடைக்கிறது. ஆறே இல்லாத ஊரிலும் ஒரு பிள்ளை அதில் 2,000 மீட்டர் இழுத்து, நேரத்தைக் குறித்துப் பயிற்சியாளருக்கு அனுப்பலாம். அது யார் வீட்டுப் பிள்ளை என்று பார்ப்பதில்லை. இந்த விளையாட்டில் பணத்துக்கு மசியாத பொருள் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதையும் புகைப்படத்துக்கு மட்டும் பயன்படுத்தினார்கள் என்பது வேறு விஷயம்.

சிகாகோவின் மேற்குப் பகுதியில், துப்பாக்கிச் சத்தம் பழகிப்போன தெருக்களுக்கு நடுவே, மேன்லி என்ற உயர்நிலைப் பள்ளி. 1997-இல் அங்கே உணவுக்கூடத்தில் ஒரு நீளமான படகைக் கொண்டுவந்து வைத்தார்கள். தட்டோடு போன பிள்ளைகள் இது என்ன என்று கேட்டார்கள். சேர வருகிறவர்களுக்குப் பீட்சா உண்டு என்று அறிவித்தார்கள். பீட்சாவுக்காக வந்தவர்களில் ஒருவர் ஆர்ஷே கூப்பர். கருப்பினப் பிள்ளைகள் மட்டுமே கொண்ட முதல் பள்ளிப் படகுக் குழுவுக்கு அவர் தலைவரானார். தெருவில் எதிரெதிர்க் கும்பல்களின் எல்லையில் வாழ்ந்த பையன்கள் ஒரே படகில் முதுகும் முகமுமாக உட்கார்ந்தார்கள். அந்தக் குழு நீடிக்கவில்லை. கூப்பர் சமையற்கலைஞரானார், பிறகு புத்தகம் எழுதினார், 2020-இல் அது ஆவணப்படமும் ஆனது. இப்போது ஏழைப் பிள்ளைகளைப் படகேற்ற நிதி திரட்டுகிறார். கூட நிற்பது போகாக் தச்சர் பெயரிலுள்ள அறக்கட்டளை.

மேன்லி பையன்கள் முதலில் இறங்கியது ஆற்றில் அல்ல, நீச்சல் குளத்தில். பலருக்கு நீச்சல் தெரியாது. நீந்தத் தெரியாதவரைப் படகில் ஏற்ற முடியாது. அவர்கள் தாத்தா பாட்டி காலத்தில் பல நகரங்களில் குளங்கள் வெள்ளையருக்கு மட்டும். எல்லோரையும் விடச் சொல்லிச் சட்டம் வந்தபோது சில ஊர்கள் குளத்தை மண் போட்டு மூடின. நீந்தாத தாத்தாவின் பிள்ளை நீந்தவில்லை, அந்தப் பிள்ளையின் பிள்ளையும் நீந்தவில்லை. ஆகவே இலவசப் பயிற்சிக்கு வருகிற பதினான்கு வயதுப் பிள்ளையிடம் இன்றும் முதலில் கேட்கிற கேள்வி தண்டைப் பற்றியதல்ல. இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி, சுவரைப் பிடித்துக்கொள், முகத்தை உள்ளே வை, மூச்சை விடு என்று ஆரம்பிக்கிறார்கள்.