வினாத்தாள் தீர்ப்பாகுமா?

சென்னை நகரில் வயது வந்தோர் நூற்றுவரில் பதினைவருக்கு மனச்சோர்வு உண்டென்று ஒரு கணக்கு கூறுகிறது. தேச முழுவதற்குமாக எடுக்கப்பட்ட மற்றொரு கணக்கோ, நூற்றுக்கு மூவர்கூட இல்லையென்கிறது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் எவருக்கும் ஒரு சந்தேகம் எழுவது இயல்பே. வேறுபட்டது ஜனங்களின் மனமா, அதை அளந்த கோலா? கேள்விகள் அடங்கிய ஒரு தாளைக் கொண்டு மனிதரின் உள்ளத்தை நிறுத்தறியும் வழக்கம் கல்லூரிகளிலும் கம்பெனிகளிலும் கைபேசிகளிலும் பரவிவரும் இக்காலத்தில், இக்கேள்வியை ஆற அமர ஆராய்வது அவசியமாகும்.

முதற் கணக்கு நம் ஊரிலேயே, கோபாலபுரத்தில் உள்ள சென்னை நீரிழிவு ஆராய்ச்சி ஸ்தாபனத்தாரால் எடுக்கப்பட்டது. நகரவாசிகள் 26,001 பேரை அணுகி, அவர்களில் 25,455 பேரிடம் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட வினாத்தாளின் மூலம் விடைபெற்று, 2009-ஆம் வருஷத்தில் அதன் முடிவை வெளியிட்டனர். மொத்தத்தில் 15.1 சதவீதம், பெண்களில் 16.3, ஆண்களில் 13.9. வருவாய் குறைந்தோரிடையே 19.3 சதவீதமாக இருந்தது, வருவாய் மிக்கோரிடையே 5.9 சதவீதமாகவே இருந்தது. இரண்டாவது கணக்கு, பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் ஸ்தாபனத்தார் 2015-16-இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 ராஜ்யங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு. அதில் வயது வந்தோர் 34,802 பேரை வரையறுக்கப்பட்ட நேர்முக விசாரணை முறையில் விசாரித்து, 2.7 சதவீதத்தினர் அப்போது அந்நோயால் வருந்தியதாகக் கண்டனர். காலமும் இடமும் வேறு என்பது மெய்யே. பெருநகரங்களில் இந்நோய் மிகுதி என்பதும் மெய்யே. ஆயினும் இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கு முக்கிய காரணம் பிறிதொன்று. முன்னது நோயின் அறிகுறிகளை எண்ணியது. பின்னது நோயை நிர்ணயிக்க முயன்றது. இரண்டும் ஒன்றல்ல.

இவ்வகை வினாத்தாள்களில் இன்று உலகெங்கும் வழங்குவது, அமெரிக்காவில் குரோன்கே, ஸ்பிட்ஸர், வில்லியம்ஸ் என்ற மூவர் 2001-இல் வெளியிட்ட ஒன்பது கேள்வித் தாளாகும். கோபாலபுரத்தார் கையாண்டதும் அதனைத் திருத்தி விரித்ததே. கடந்த இரண்டு வாரங்களில் ஊக்கம் குன்றியதா, உறக்கம் கெட்டதா, அசதி உண்டா, பசி மாறியதா, சாவதே மேல் என்ற எண்ணம் எழுந்ததா என்று அது கேட்கும். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் பெற்றவரைச் சந்தேகத்துக்குரியவராகக் கொள்வது வழக்கம். அதை ஆக்குவதற்குப் பைஸர் என்ற மருந்துக் கம்பெனி பொருளுதவி செய்தது. அது ஒன்றைக் கொண்டே தாள் பழுதென்று கூறுவது நியாயமன்று. ஆயினும் அறிந்துகொள்ள வேண்டிய செய்திதான்.

இக்கோல் எவ்வளவு செம்மையானது? 2019-இல், 58 ஆராய்ச்சிகளில் சேர்ந்த 17,357 பேரின் விவரங்களை ஒன்றுதிரட்டிப் பிரிட்டிஷ் வைத்திய சஞ்சிகையில் அறிஞர் சிலர் முடிவு வெளியிட்டனர். தேர்ந்தோர் நேரில் விசாரித்துக் கண்ட முடிவோடு ஒப்பிட்டால், பத்து என்ற எல்லையில் இத்தாள் நோயுள்ளோர் நூற்றுவரில் 88 பேரைப் பிடித்தது. நோயற்றோர் நூற்றுவரில் 85 பேரைச் சரியாக விட்டுவிட்டது. கேட்டவுடன், இதனினும் நல்ல கருவி வேண்டுமோ என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தாலன்றோ உண்மை விளங்கும்!

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளிலிருந்து வைத்தியரை நாடாத சாதாரண மனிதர் ஆயிரம் பேரைக் கூட்டி இத்தாளைக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். தேசக் கணக்கின்படி அவர்களில் 27 பேர் நோயாளிகள். தாள் அவர்களில் 24 பேரைப் பிடிக்கும், மூவரைத் தவறவிடும். எஞ்சிய 973 பேருக்கு நோயில்லை. ஆனால் நூற்றுக்குப் பதினைந்து வீதம் அவர்களில் சுமார் 146 பேரையும் அது பிடித்துவிடும். ஆக, பிடிபட்டவர் 170. மெய்யான நோயாளிகள் 24. ஏழு பேரில் ஒருவர்! நகரத்தில் நோய் மிகுதியென்று ஆயிரத்துக்கு ஐம்பதாகக் கொண்டாலும், பிடிபட்டோரில் நாலில் ஒரு பங்குகூடத் தேறாது. இதே தாளை, நால்வரில் ஒருவர் நோயாளியாயிருக்கும் ஓர் ஆஸ்பத்திரியில் கொடுத்தால், பிடிபட்டோரில் மூன்றில் இரு பங்கினர் மெய்யான நோயாளிகளாயிருப்பர். தாள் மாறவில்லை, இடம் மாறியது. இடம் மாறினால் அதே எண்ணின் பொருளும் மாறுகிறது. பத்து என்ற எல்லையை உயர்த்தினால் வீணே பிடிபடுவோர் குறைவர். ஆனால் தப்பிப்போகும் நோயாளிகள் பெருகுவர். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் குறையும் சிறு போர்வை போன்றது இது.

நீதிஸ்தலங்களில் பழகிய நமக்கு இது புதிய தத்துவமன்று. போலீஸார் பதிவு செய்யும் முதல் தகவல் அறிக்கை விசாரணைக்குத் தொடக்கம், அதுவே தீர்ப்பாகாது. அதைக் கொண்டே ஒருவனைச் சிறைக்கு அனுப்புவது அநீதி. அதைக் கிழித்தெறிந்து விசாரிக்காமலே விடுவதும் அநீதியே. வினாத்தாளின் எண்ணும் அத்தகையதே. அதைத் தீர்ப்பாகக் கொண்டு, ஊரில் இத்தனை சதவீதம் நோயாளிகள் என்று பறைசாற்றுவோர் பிழை செய்கின்றனர். 2020-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், ஒரே கூட்டத்தாரிடம் வினாத்தாள் 24.6 சதவீதம் என்று காட்டிய இடத்தில், முறையான விசாரணை 12.1 சதவீதமே என்று கண்டது. சரிபாதி!

பாஷையின் விஷயம் வேறு. நம்மவர் "எனக்கு மனச்சோர்வு" என்று வைத்தியரிடம் சொல்லுவதில்லை. "மனசு சரியில்லை", "உடம்பெல்லாம் வலி", "தூக்கம் வரவில்லை", "நெஞ்சு படபடக்கிறது" என்பார்கள். அன்றியும், நீரிழிவு உள்ளவனுக்கு அசதியும் பசி மாறுதலும் அந்நோயினாலேயே வரலாம். தாள் அவற்றை மனத்தின் கணக்கில் எழுதிவிடும். மாமியாரும் கணவனும் அருகிருக்க, வாய்விட்டுக் கேட்கப்படும் கேள்விக்கு ஒரு பெண் மெய்யான விடை கூறுவாளா? ஆகவே பிறநாட்டுத் தாளை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. நம் மக்களிடையே மீண்டும் சோதித்தல் வேண்டும். வேலூரில் இதற்கு வழி காட்டினர். பிரசவித்த தாய்மாருக்கென 1987-இல் எடின்பரோவில் அமைந்த தாளின் தமிழ் வடிவத்தை 2005-இல் சோதித்தபோது, ஆங்கில நாட்டில் வழங்கும் எல்லையெண்ணினும் குறைந்த எண்ணே நம் தாய்மாருக்குப் பொருந்துவதாகக் கண்டனர். அங்குள்ள எண்ணை அப்படியே கொண்டிருந்தால் துன்புற்ற தாய்மார் பலர் கவனிப்பாரின்றிப் போயிருப்பர் அன்றோ?

இவ்வளவும் கூறியதால், இத்தாள்கள் வீண் என்று நாம் சொல்வதாக எவரும் எண்ணலாகாது. தேசிய ஆய்வின்படி, மனச்சோர்வுற்றோரில் மிகப் பெரும்பாலோர் எவ்விதச் சிகிச்சையும் பெறவில்லை. வாய்திறந்து சொல்லத் தெரியாத துயரத்துக்கு ஒரு கேள்வி வாசலைத் திறக்கக்கூடும். ஆனால் திறந்த வாசலில் எவரும் நிற்காவிட்டால்? சாவைப் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு ஒருவன் "ஆம்" என்று எழுதிக்கொடுக்க, அத்தாள் ஒரு காரியாலயத்து அலமாரியில் படிப்பாரின்றிக் கிடக்குமானால், கேளாமல் இருந்ததைவிட அது பெருங் கொடுமை.

உலகத்து அறிஞரிடையும் இதில் ஒருமித்த அபிப்பிராயம் இல்லை. அமெரிக்காவின் நிபுணர் குழுவினர் வயது வந்தோர் யாவரையும் இவ்வாறு சோதிக்கலாம் என்று 2016-இல் கூறியபோதும், நோயை நிர்ணயிக்கவும் சிகிச்சையளிக்கவும் தக்க ஏற்பாடு வேண்டுமென்று சேர்த்தே கூறினர். கானடா தேசத்துக் குழுவினரோ, பொதுவாக யாவரையும் சோதிப்பது வேண்டாமென்று 2013-இல் முடிவு செய்தனர். ஒருவர் வாசலை நினைத்தார். மற்றவர் வீணே பிடிபடுவோரை நினைத்தார்.

நாம் வேண்டுவது மூன்று. வினாத்தாளைக் கொடுப்பவர் எவராயினும், அதில் அகப்பட்டோரை அன்றே நேரில் விசாரிக்கத் தேர்ந்த வைத்தியரையோ மனநல ஊழியரையோ முன்கூட்டி அமர்த்துக. அந்த எண்ணைக் கொண்டு வேலையையோ இன்ஷூரன்ஸையோ படிப்பையோ மறுக்கலாகாது. விடைகள் இரகசியமாயிருத்தல் வேண்டும். தமிழில் சோதிக்கப்படாத தாளைத் தமிழரிடம் நீட்டலாகாது. சர்க்கார் ஆஸ்பத்திரிகளும் தனியார் கம்பெனிகளும் இதற்கு ஒருங்கே கட்டுப்பட வேண்டும்.

கைபேசியில் தாமே எண்ணிப் பார்த்து அஞ்சும் நேயர்களுக்கும் ஒரு சொல். பெரிய எண் வந்தால் அது நோயென்று துணிய வேண்டா. சிறிய எண் வந்தும் உள்ளம் வருந்தினால், நலமென்று ஏமாறவும் வேண்டா. எவ்வகையாயினும் ஒரு மனிதரிடம் பேசுக. சர்க்கார் 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற டெலிமானஸ் எண் உண்டு. நம் நகரில் 1986 முதல் ஸ்நேகா ஸ்தாபனத்தார் துயருற்றோர் சொல்வதைச் செவிகொடுத்துக் கேட்டு வருகின்றனர். தாள் கேள்வி கேட்கும். விடையைச் செவிமடுப்பது மனிதன் கடமை.