கிழிந்த பாதி டிக்கெட்

மாமாவிடம் ஒரு டிக்கெட் துண்டு இருந்தது. 1988 ஜனவரி 25, திருவனந்தபுரம் யூனிவர்சிட்டி ஸ்டேடியம், இந்தியா - வெஸ்ட் இண்டீஸ் ஒருநாள் ஆட்டம். நாகர்கோவிலில் விடிகாலை பஸ் பிடித்துப் போயிருக்கிறார். நமக்குச் சேப்பாக்கத்தைவிட அதுதானே பக்கம்! கேட்டில் கிழித்துக்கொண்டு கொடுத்த பாதியின் பின்பக்கம், பேனாவில் 'ஸ்ரீகாந்த் 101, சிம்மன்ஸ் 104 நாட் அவுட்' என்று எழுதியிருந்தார். "ஒம்பது விக்கெட்டுல தோத்தோம் மக்ளே" என்பார், நேற்று நடந்த மாதிரி.

அதிலிருந்துதான் பழைய கிரிக்கெட் டிக்கெட், ஸ்கோர் கார்டு சேர்க்கும் பித்து எனக்குப் பிடித்தது. இரண்டையும் ஒரே வகையாக நினைப்பவர்கள் உண்டு. அப்படியில்லை. டிக்கெட் ஆட்டத்துக்கு முன்பே அச்சாவது; அதில் இருப்பது திட்டம் மட்டும். ஆட்டம் பார்த்தபடி நிரப்பிய ஸ்கோர் கார்டில் இருப்பது நடந்தது. லார்ட்ஸில் ஆட்டத்தின் நடுவிலேயே புது விவரங்களோடு மறுபடி மறுபடி அச்சடித்தும் விற்பார்கள்.

போலியைக் கண்டுபிடிக்க இந்த வித்தியாசம் உதவும். 1952 சேப்பாக்கம் டெஸ்ட்டை எடுத்துக்கொள்வோம். இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி. வினு மன்கட் முதல் இன்னிங்ஸில் 55 ரன்னுக்கு 8 விக்கெட். ஆட்டம் தொடங்கிய பிப்ரவரி 6 அன்று ஆறாம் ஜார்ஜ் மன்னர் இறந்துபோனார். ஓய்வு நாளை முன்னுக்கு இழுத்து, 7ஆம் தேதி ஆடாமல் விட்டார்கள். ஆகவே 7ஆம் தேதி போட்ட டிக்கெட் கிடைத்தால், அந்தத் தேதிக்காக மட்டும் அதைத் தள்ளிவிட முடியாது. அதே தேதியில் ரன் குறித்த ஸ்கோர் கார்டை யாராவது நீட்டினால் காசை எடுக்காதீர்கள்.

சரி, மாமாவின் துண்டு என்ன ஆச்சு? பத்திரமாக இருக்கட்டும் என்று நான்தான் லேமினேட் செய்தேன். சூட்டில் பேனா மை பரவிவிட்டது. சிம்மன்ஸின் ரன் இப்போது ஒரு நீலத் திட்டு. லேமினேஷனைப் பிரித்தால் காகிதமும் சேர்ந்து வந்துவிடும். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் நம்முடையது. ஈரமும் இராமபாணப் பூச்சியும்தான் முதல் எதிரி. பிவிசி உறை வேண்டாம், நாளாவட்டத்தில் மையை உரித்துக்கொள்ளும். பாலியஸ்டர் உறையில் போட்டு, அமிலமில்லாத அட்டைக்கு நடுவே வைத்து, வெளிச்சுவரில் ஒட்டாத அலமாரியில் வையுங்கள். அதற்கு முன் இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்துவிடுங்கள். நான் முன்பக்கம் மட்டும்தான் செய்திருந்தேன்.