83 எக்ஸா, 125 எக்ஸா?

பள்ளிபாளையம் ஆற்றுப் பாலத்தின் ஓரத்தில் யாராவது நீண்ட மூக்குள்ள கேமராவை வெளியே எடுத்தால், வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பவர் முதலில் கேட்பது, "எத்தனை எக்ஸுங்ணா?" என்றுதான். கடைக்காரரும் அந்த எண்ணைச் சொல்லித்தான் விற்கிறார். பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் இருப்பதும் அதுவே. புதிய கேமரா வாங்கலாமா, இருப்பதையே ஓட்டலாமா என்று முடிவு செய்யும்போது மிகக் குறைவாகக் கைகொடுப்பதும் அந்த எண்தான்.

லென்ஸைக் கழற்றி மாட்ட வேண்டாத, ஒரே உடம்பில் அகலக் காட்சியிலிருந்து எட்டாத்தூரம் வரை இழுக்கும் இந்த வகையைச் சூப்பர் ஜூம் கேமரா என்கிறார்கள். தமிழ்நாட்டில் பறவை பார்ப்பவர்கள் பலரின் தோளில் தொங்குவது இதுதான். காரணம் எளிது. டிஎஸ்எல்ஆர் அல்லது மிரர்லெஸ் கேமராவுக்கான 600 மி.மீ. எஃப் 4 லென்ஸ் புதிதாக வாங்கினால் பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும். அதைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறவும் முடியாது.

இந்த வட்டாரத்தில் அந்தக் கேமராவுக்கு வேலை நிறைய. பள்ளிபாளையம் என்றால் விசைத்தறியும் சேஷசாயி காகித ஆலையும்தான் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வரும். ஆனால் ஈரோட்டுக்கும் இந்த ஊருக்கும் நடுவே ஓடுவது காவிரி. சமயசங்கிலி, ஓடப்பள்ளி கதவணைகள் ஆற்றைத் தேக்கி நிறுத்துகின்றன. தேங்கிய நீரில் நீர்க்காகங்கள் முக்குளிக்கும், பாறைகளில் சாம்பல் நாரை நிற்கும், ஆற்று ஆலா நீர்மட்டத்தை ஒட்டிப் பறக்கும், கருப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் சிறகடித்து நின்று செங்குத்தாகப் பாயும். ஈரோட்டைத் தாண்டினால் வெள்ளோடு பறவைகள் சரணாலயம். 77 ஹெக்டேர் பரப்புள்ள அந்த ஏரி 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2015 முதல் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் ஊர்க் குளத்தையும் வீட்டுத் தோட்டத்தையும்கூட எண்ணித் தருகிறார்கள். அடையாளத்தில் சந்தேகம் வந்தால், தெளிவு குறைந்த படமாவது ஒன்று கையில் இருப்பது பெரிய பலம்.

அப்படிப் படம் எடுப்பவர்கள் பலரிடம் இருப்பது நிக்கான் கூல்பிக்ஸ் பி900. 2015 மார்ச்சில் அறிவிக்கப்பட்டபோது 83 எக்ஸ் என்ற எண் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. நிலாவை இழுத்துக் காட்டும் வீடியோக்கள் அதைப் பிரபலமாக்கின. 2018இல் பி1000 வந்தது, 125 எக்ஸ். 2020 ஜனவரியில் பி950, மறுபடியும் 83. 2025 பிப்ரவரியில் பி1100, மறுபடியும் 125. பத்து ஆண்டுகளில் நான்கு மாடல்கள், ஆனால் தூர அளவுகள் இரண்டே. பி900 இன்னும் நன்றாக ஓடுகிறதென்றால், அதை வைத்திருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

முதலில் எக்ஸ் கணக்கு. லென்ஸின் கடைசிக் குவியத் தூரத்தை ஆரம்பக் குவியத் தூரத்தால் வகுத்தால் வருவதே எக்ஸ். பி900 தொடங்குவது 24 மி.மீ., முடிவது 2000 மி.மீ.; வகுத்தால் 83. கேனன் எஸ்எக்ஸ்60 தொடங்குவது 21, முடிவது 1365; அது 65 எக்ஸ். அதே கேமரா 28இல் தொடங்கியிருந்தால், பறவை கொஞ்சமும் சிறிதாகத் தெரியாமலே எக்ஸ் மட்டும் 49 ஆகியிருக்கும். ஆகவே பார்க்க வேண்டியது முடியும் இடத்தை.

அதையும் பறவையை வைத்தே கணக்கிடலாம். ஆற்றுப் பாறையில் நூறு மீட்டர் தள்ளி கருப்பு வெள்ளை மீன்கொத்தி உட்கார்ந்திருக்கிறது. அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை சுமார் 30 செ.மீ. 2012இல் வந்த கேனன் எஸ்எக்ஸ்50 முழு ஜூமில் எடுத்தால், படத்தில் பறவையின் நீளம் சுமார் 420 பிக்சல். 2018இன் எஸ்எக்ஸ்70இல் 620. பி900, பி950 இரண்டிலும் 800. பி1000, பி1100இல் 1,200. 420இலிருந்து 800க்குப் போவது பெரிய தாவல். மார்புப் பட்டை ஒன்றா இரண்டா, அதாவது பெட்டையா ஆணா என்பது ஊகமாக இருந்த இடத்தில் உறுதியாகிவிடும். 800இலிருந்து 1,200க்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை பணம் மட்டுமல்ல.

இரண்டாவது விலை ஒளி. இந்தக் கேமராக்களின் உணர்வி சின்னது: அகலம் சுமார் 6 மி.மீ., பரப்பு 28 சதுர மி.மீ. முழு ஜூமில் பி900இன் துளை எஃப் 6.5இல் நிற்கிறது, பி1000இனுடையது எஃப் 8இல். பி1000இன் லென்ஸ் பறவையிடமிருந்து ஒன்றரை மடங்கு ஒளியை வாங்குகிறது, உண்மைதான். ஆனால் அதைப் பரப்புவது இரண்டேகால் மடங்கு இடத்தில். ஒரே கரண்டி மாவில் தோசையை அகலமாக வார்த்தால் மெலிந்துபோவதுபோல, ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைக்கும் ஒளி மூன்றில் இரண்டாகக் குறைகிறது. நல்ல வெயிலில் இது தெரியாது. மார்கழிக் காலை ஏழு மணிக்குத் தெரியும். ஒளி உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, 1600க்கு ஏற்ற வேண்டிவரும், புள்ளி புள்ளியாக இரைச்சல் எழும், அதை மறைக்கக் கேமரா படத்தை மெழுகும், இறகின் நரம்புகள் அதோடு கரைந்துபோகும்.

இன்னொரு தடையும் உண்டு. சிறிய துளை வழியே நுழையும் ஒளி கொஞ்சம் விரிந்துதான் விழும். எஃப் 8இல் ஒரு ஒளிப்புள்ளி சுமார் 10 மைக்ரான் அகலத்துக்கு விரிகிறது. இந்த உணர்விகளின் பிக்சல் அகலமோ 1.3 மைக்ரான்தான். அதனால்தான் 16 மெகாபிக்சல் 20 ஆகிவிட்டது என்று விளம்பரம் சொன்னாலும், முழு ஜூமில் கண்ணுக்குத் தெரியும் நுணுக்கம் அந்த அளவுக்குக் கூடுவதில்லை.

மூன்றாவது, காற்று. நாமக்கல், சேலம் சமவெளியில் படம் எடுப்பவர்கள் விளம்பரங்களைவிட இதையே அதிகம் கவனிக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கு மேல் பாறை, தார்ச் சாலை, தறிக்கூடங்களின் தகரக் கூரை என்று எல்லாம் சூடாகி, அவற்றின் மேலுள்ள காற்று நெளியத் தொடங்குகிறது. இருபது கிலோமீட்டருக்குள் இருக்கும் திருச்செங்கோட்டு மலையை நடுப்பகலில் முழு ஜூமில் இழுத்தால், மலை தண்ணீருக்குள் இருப்பதுபோல அலைபாயும். 2000 மி.மீ.யில் அலைபாய்வது 3000 மி.மீ.யில் இன்னும் பெரிதாக அலைபாயும், அவ்வளவுதான். நெளியும் காற்றை எந்த லென்ஸாலும் நேராக்க முடியாது. நிலா விஷயம் வேறு. அது வெளிச்சமானது, தலைக்கு மேலே இருக்கும்போது காற்றின் தடிமனும் குறைவு, அசைவும் மெதுவானது. அதனால் எந்தச் சூப்பர் ஜூமிலும் நிலா அழகாகவே வரும். அதைப் பார்த்துவிட்டு, தூரத்துக் கொக்கும் அப்படியே வரும் என்று நம்பிக் கேமரா வாங்கக் கூடாது. சொல்லப்போனால் 3000 மி.மீ.யில் முழுநிலா மேலும் கீழும் வெட்டுப்படும் நிலைக்கு வந்துவிடுகிறது, 2000 மி.மீ. அதற்கு வசதியான அளவு.

இனி மாடல் மாடலாக. பி900இலிருந்து பி950க்கு மாறினால் என்ன கிடைக்கும்? 4கே வீடியோ, மெழுகாத மூலப் படத்தைத் தரும் ரா கோப்பு, கண்ணை வைத்துப் பார்க்கும் திரையில் இரண்டரை மடங்கு நுணுக்கம். இவற்றில் ரா உண்மையான லாபம். மங்கலான காலையில் எடுத்த படத்தைக் கணினியில் பொறுமையாகத் திருத்துபவருக்கு அது கைகொடுக்கும். வாட்ஸ்ஆப் குழுவுக்கு உடனே அனுப்பிவிடுபவருக்கு அதனால் பயனில்லை. இழப்பதும் உண்டு. பி900க்குள்ளேயே ஜிபிஎஸ் இருந்தது, பி950இல் இல்லை; படத்தில் இடம் பதிவாக வேண்டுமானால் கைபேசியோடு இணைக்க வேண்டும். கணக்கெடுப்புக்குப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. பேட்டரியும் வேறு வகை என்பதால் பழைய கூடுதல் பேட்டரிகள் பொருந்தாது. நிறுவனத்தின் கணக்கிலேயே ஒரு சார்ஜில் பி900 360 படம் எடுக்கும், பி950 290.

பி900இலிருந்து பி1100க்கு என்றால், தூரம் ஒன்றரை மடங்கு, எடை 899 கிராமிலிருந்து 1,410 கிராம். அரை கிலோ கூடுகிறது. கையில் பிடித்து 3000 மி.மீ.யில் குருவியைச் சட்டத்துக்குள் கொண்டுவருவதற்கே தனிப் பயிற்சி வேண்டும். தாங்குகோல் இல்லாமல் அந்தக் கடைசி ஆயிரம் மி.மீ. பெரும்பாலும் வீணாகும். ஓரிடத்தில் உட்கார்ந்து, கரைக்கு எதிரே உள்ள திட்டில் கூடு கட்டும் பறவைகளைத் தொந்தரவு செய்யாமல் பார்ப்பவருக்கு மட்டும் இது பொருத்தமான வாங்குதல். பி1000 வைத்திருப்பவர் பி1100 வாங்குவதற்கோ காரணமே இல்லை. உணர்வியும் லென்ஸ் அளவுகளும் அதேதான். முக்கிய மாற்றம் யுஎஸ்பி-சி துளை. 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் கேமராக்களுக்கு அது கட்டாயமாகிவிட்டது.

பறக்கும் ஆலாவைப் பிடிக்க வேண்டும் என்பவருக்கு மேலே சொன்ன எதுவுமே விடை அல்ல. இந்த நிக்கான் மாடல்கள் எல்லாமே வினாடிக்கு ஏழு படம் என்ற அளவில், ஒரு கைப்பிடிப் படங்களை எடுத்துவிட்டு மூச்சு வாங்கும்; குவியம் தேடுவதும் மெதுவாகத்தான். 2017இல் வந்த சோனி ஆர்எக்ஸ்10 நான்காம் மாடல் வேறு ஜாதி. 25 எக்ஸ்தான், 600 மி.மீ.யில் முடிந்துவிடும், பாறை மேலிருந்த அந்த மீன்கொத்தி அதில் 270 பிக்சல்தான் வரும். ஆனால் அதன் உணர்வியின் பரப்பு நான்கு மடங்கு. வினாடிக்கு 24 படம். பறவையைத் துரத்திப் பிடிக்கும் குவியம். விலையும் சூப்பர் ஜூம்களில் உச்சம். எக்ஸ் எண்ணை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் இது கடைசியில் நிற்கும் என்பதே அந்த எண் எவ்வளவு பொய்யான அளவுகோல் என்பதற்குச் சாட்சி.

மாற வேண்டுமா என்பதைக் கண்டுபிடிக்க நல்ல வழி, வீட்டுக் கணினியில் ஏற்கெனவே இருக்கும் படங்களைத் திறப்பது. ஒவ்வொரு படத்தின் விவரத்திலும் லென்ஸ் தூரம், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ பதிவாகியிருக்கும். பிடிக்காமல் ஒதுக்கிய படங்களை மட்டும் பார்க்க வேண்டும். பெரும்பாலானவை பகல் பதினொன்றுக்கு எடுத்தவை என்றால் குற்றம் காற்றினுடையது. ஒன்பது மணிக்கு முன்பே போய்விட்டால் செலவில்லாமல் தீரும். ஷட்டர் 1/60, பறவை மட்டும் குழம்பியிருக்கிறது, கிளை தெளிவாக இருக்கிறது என்றால், நடுக்கத் தடுப்பு தன் வேலையைச் செய்துவிட்டது. அது கையின் ஆட்டத்தை மட்டுமே நிறுத்தும், பறவை தலையைத் திருப்புவதை நிறுத்தாது. ஷட்டரை ஏற்றப் பழக வேண்டும். கிளையும் சேர்ந்து குழம்பியிருந்தால் ஒற்றைக்கால் தாங்கியோ, பாலத்துக் கைப்பிடிச் சுவரில் வைக்க மணல் நிரப்பிய துணிப் பையோ போதும். நல்ல வெளிச்சம், நல்ல ஷட்டர், அசைவில்லை, அப்படியும் பறவை வெறும் புள்ளியாக நிற்கிறது என்ற படங்களே அதிகம் என்றால்தான் கேமரா போதவில்லை என்று அர்த்தம். எஸ்எக்ஸ்50 போன்ற பழைய மாடல்காரர்கள் பலருக்கு அந்த விடை வரும். பி900காரர்களுக்கு அபூர்வமாகத்தான் வரும்.

காத்திருந்தால் இன்னும் நல்லது வரும் என்ற எண்ணத்துக்கும் இந்தச் சந்தையில் பெரிய ஆதாரமில்லை. ஜப்பானியக் கேமரா நிறுவனங்களின் சங்கம் தரும் கணக்குப்படி, 2010இல் அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கு மேல்; 2023இல் 80 லட்சத்துக்கும் கீழ். கைபேசி தின்றுவிட்ட சந்தையில் சின்ன உணர்வி, பெரிய ஜூம் என்ற வகைக்குப் புதிதாக முதலீடு போட நிறுவனங்கள் தயங்குகின்றன. பி1100இல் பி1000இன் லென்ஸ் அளவுகளே தொடர்வதற்கு இதைவிட வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

அதனால் பழைய மாடல்காரர் மாறுவதென்று முடிவெடுத்தால், பயன்படுத்திய பி900 அல்லது பி950 தேடுவதில் தவறில்லை. ஆனால் பள்ளிபாளையம், குமாரபாளையம், ஈரோடு வட்டாரத்தில் வாங்குபவர் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இந்த லென்ஸ் வெளியே நீளும்போதும் உள்ளே போகும்போதும் காற்றை இழுக்கிறது. தூசுத் தடுப்பு கிடையாது. தறிக்கூடத்தில் மிதக்கும் பஞ்சுத் தூசு உள்ளே போய்ப் படிந்தால், லென்ஸைக் கழற்ற முடியாத கேமராவைப் பிரித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். கடையில் எஃப் 8இல் வைத்து, வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ, அகலத்தில் ஒன்றும் முழு ஜூமில் ஒன்றுமாக எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் கறைகள் தெரிந்துவிடும். லென்ஸை நான்கைந்து முறை முழுதாக நீட்டி மடக்கும்போது சத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். சொந்த மெமரி கார்டைக் கொண்டுபோய், தெருவுக்கு எதிரே தூரத்தில் இருக்கும் கடைப் பலகையை முழு ஜூமில் எடுத்துவந்து, பழைய கேமராவில் அதே இடத்திலிருந்து எடுத்த படத்தோடு வீட்டில் ஒப்பிடலாம். இதைச் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் செய்வது நல்லது. பளிச்சென்ற வெயிலில் எல்லாக் கேமராவும் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும்.