உங்களுக்குத் தெரியுமா? கடலோரத்தில் ஒரு சூரியக் கடிகாரம்

கனடாவில் ஜூன் 23, பயங்கரவாதத்துக்குப் பலியானோருக்கான தேசிய நினைவு நாள். 1985-இல் அன்றுதான், மான்ட்ரியாலிலிருந்து லண்டன் வழியாக டெல்லிக்கு வந்துகொண்டிருந்த ஏர் இந்தியாவின் ‘கனிஷ்கா’ விமானம், அயர்லாந்துக்குத் தென்மேற்கே அட்லாண்டிக் கடலுக்கு மேல் குண்டு வெடித்துச் சிதறியது. 329 உயிர்கள்; பெரும்பாலோர் இந்திய வம்சாவளிக் கனடியர்கள். மீட்கப்பட்ட உடல்கள் 131 மட்டுமே.

அதை நினைவு நாளாக அறிவிக்கக் கனடாவுக்கு 20 ஆண்டுகள் பிடித்தன. அத்தனை தாமதம் அந்தக் குடும்பங்களுக்கு நேர்ந்திருக்கக் கூடாது. அயர்லாந்தின் அஹாகிஸ்டா என்ற சிற்றூரிலோ மறுவருடமே நினைவிடம் எழுந்துவிட்டது. கடலைப் பார்த்தபடி ஒரு சூரியக் கடிகாரம். பக்கத்துச் சுவரில் இறந்தவர்களின் பெயர்கள். ஆண்டுதோறும் அந்தக் காலையில், உறவினர்களோடு ஊர்க்காரர்களும் அங்கே வந்து நிற்கிறார்கள்.