கேட்பாரற்ற நிலமும் பன்னிரண்டு வருஷ அனுபவமும்

நாவலூர்ப் பக்கம் கடன் மனுக்களைப் பரிசீலித்தபோது, அங்கத்தினர் ஒருவருடைய மனு நம் கைக்கு வந்தது. கிணறு வெட்டக் கடன் கேட்டிருந்தார். ஈடாகக் காட்டிய 80 சென்டு நிலத்தை 22 வருஷமாக அவரே பயிரிட்டு வருகிறார். நிலத்துக்காரர் குடும்பத்தோடு பட்டணம் போனவர், திரும்பவில்லை. கிஸ்தி ரசீதுகள் கட்டுக்கட்டாக இருந்தன. பட்டாவோ கிரயப் பத்திரமோ அவர் பேரில் இல்லை. “12 வருஷம் அனுபவித்தால் நிலம் அனுபவித்தவனுக்குத்தானே?” என்று கேட்டார். பழைய மகாபலிபுரம் சாலையோரம் மனை விலை ஏறியபின் பலரும் கேட்கும் கேள்வி இது.

12 வருஷம் என்பது வெறும் ஊர்ப்பேச்சு அன்று. பிறருடைய அனுபவம் தமக்கு எதிரிடையான நாளிலிருந்து 12 வருஷத்துக்குள் சொந்தக்காரர் நிலத்தை மீட்கத் தாவா செய்ய வேண்டும் என்பது 1963ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டம். கெடு தப்பினால், அச்சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி அவருடைய பாத்தியதையே அழிந்துவிடும். அனுபவதாரர் தாமே வாதியாகக் கோர்ட்டுக்குச் சென்று தம் உரிமையை நிலைநாட்டலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2019இல் தீர்ப்பளித்தது.

ஆயினும் ‘எதிரிடை’ என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அனுபவம் பலாத்காரமின்றி, ஒளிவுமறைவின்றி, எவருடைய அனுமதியுமின்றி, இடைவிடாமல் நடந்திருக்க வேண்டும். ‘இது என்னுடையது’ என்ற எண்ணம் சொந்தக்காரருக்குத் தெரியும்படி வெளிப்பட்டிருக்க வேண்டும். குத்தகைதாரரும் காவல்காரரும் 50 வருஷம் இருந்தாலும் அந்த இருப்பு மட்டும் அவர்களைச் சொந்தக்காரராக்காது. வெளியூர் போன பங்காளியின் வீட்டில் தறி போட்டிருக்கும் நெசவாளரும் இதைக் கவனிக்க வேண்டும்: ஒரு பங்காளியின் அனுபவம் மற்றப் பங்காளிகளுக்காகவும் அனுபவித்ததாகவே கொள்ளப்படும்; அவர்கள் பாத்தியதையை வெளிப்படையாக மறுத்த நாளிலிருந்தே கெடு ஓடும். கிஸ்தி ரசீது அனுபவத்துக்குச் சாட்சியமாகலாமே யன்றி, சொத்துரிமைக்குப் பத்திரமாகாது.

மேலும் விசாரித்தோம். வருஷந்தோறும் பொங்கலுக்கு இரண்டு மூட்டை நெல் நிலத்துக்காரருக்கு அனுப்பி வந்ததாக அங்கத்தினரே சொன்னார். அந்த நாணயமே அவர் அனுபவத்தை அனுமதி அனுபவமாக்கிவிட்டது. நெல்லை நிறுத்தி, நிலம் தமதென்று சாதித்திருந்தால் சட்டம் அவர் பக்கம் நின்றிருக்கலாம்! இந்த விபரீதம் நமக்கு மட்டும் உறுத்துவதன்று. இச்சட்டம் அறிவுக்கு ஒவ்வாதது என்று 2008இல் சுப்ரீம் கோர்ட்டே குறைகூறியது. ஆனால் 2023இல் சட்டக் கமிஷன், மாற்றம் தேவையில்லை என்று அறிக்கை தந்தது.

வாரிசே இல்லாத நிலம் யாருக்கும் உரியதன்று என்பதும் தவறு. அது சர்க்காரைச் சேரும். சர்க்காருக்குக் கெடு 30 வருஷம். புறம்போக்கில் பயிரிட்டு ‘பி மெமோ’ அபராதம் கட்டி வருபவர், அந்த ரசீதைப் பட்டாவாக எண்ணி மோசம் போகக்கூடாது. நம் ஜில்லாவில் இன்னோர் எச்சரிக்கையும் வேண்டும். செங்கற்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையை யொட்டி, 1892 முதல் தரிசு நிலங்கள் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு வழங்கப்பட்டன. பஞ்சமி நிலம் எனப்படும் இவற்றைப் பிற வகுப்பாருக்கு விற்கக்கூடாது என்பது நிபந்தனை. சும்மா கிடக்கிறதே என்று ஒரு நிலத்தில் கை வைக்குமுன், தாலுகா அலுவலகத்தில் பழைய பதிவேட்டைப் பார்த்துவிட வேண்டும்.

நிலத்தை விட்டுப் பட்டணம் சென்றுள்ள அங்கத்தினர்களுக்கும் ஒரு வார்த்தை. பிறர் புகுந்தால் நோட்டீஸ் மட்டும் அனுப்பிக் காத்திருப்பதால் கெடு நிற்காது. தாவா தொடுக்க வேண்டும்.

கிணற்றுக் கடன் மனுவை நாம் திருப்ப வேண்டியதாயிற்று. அவருக்கு இரு வழிகள் உண்டு. 1969ஆம் வருஷத்துக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்படித் தம்மைக் குத்தகைதாரராகப் பதியக் கோரி மனுச் செய்யலாம். அல்லது வாரிசுதாரர் அனைவரையும் கண்டு பேசி, முறையாகக் கிரயம் பெறலாம். நெல் அனுப்பிய விலாசம் அவரிடம் இருக்கிறது. அறுவடை முடிந்ததும் நேரில் போய்ப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.