மீண்டும் ஓடலாம், ஆனால் மெதுவாக

பனி உருகிக் குவான் வீதியின் நடைபாதை தெரியத் தொடங்கியதும் ரொக்ஸ்பரோவில் வாழும் நம்மில் பலருக்கு ஓடும் ஆசை வந்துவிடுகிறது. இரண்டு கிழமை உற்சாகமாக ஓடுகிறோம். மூன்றாம் கிழமை பழைய முழங்கால் வலியோ குதிக்கால் வலியோ திரும்பி வருகிறது. சப்பாத்து மீண்டும் அலுமாரிக்குள் போய்விடுகிறது. சில வருடங்கள் இப்படியே கழிந்ததும், "இனி நமக்கு ஓட்டம் சரிவராது" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

இது அவசரமான முடிவு. நீரிழிவும் இதய நோயும் தெற்காசியரான நம்மிடையே அதிகம். இவற்றைத் தள்ளிப்போட உதவும் ஒரு நல்ல பழக்கத்தை வலிக்குப் பயந்து கைவிடுவது நமக்குத்தான் நட்டம்.

காயம் ஏன் திரும்ப வருகிறது?

ஒருமுறை காயப்பட்டவருக்கு மறுபடி காயம் வரும் வாய்ப்பு கூடுதல். வலி வந்ததும் முற்றாக ஓய்வெடுக்கிறோம். வலி போய்விடுகிறது, ஆனால் அந்த ஓய்வில் தசையும் தசைநாணும் பலம் குறைகின்றன. பின்னர் விட்ட இடத்திலிருந்தே, பழைய வேகத்தில் தொடங்குகிறோம். மூச்சும் இதயமும் சில கிழமைகளில் பழகிவிடும். தசைநாணும் எலும்பும் பழக மாதக்கணக்காகும். இந்த இடைவெளியில்தான் காயம் வருகிறது.

"ஓடினால் முழங்கால் தேய்ந்துவிடும்" என்பதும் நாம் அடிக்கடி கேட்பது. 2017 இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 வீதமானோருக்கே இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்வு காணப்பட்டது. ஓடாதவர்களில் இது 10.2 வீதம். ஓடுவதால்தான் இந்த வித்தியாசம் என்று அடித்துச் சொல்ல முடியாவிட்டாலும், அளவான ஓட்டம் மூட்டைக் கெடுக்கும் என்ற பயத்துக்கு இது நல்ல பதில்.

நம் நாட்டு உதாரணம்

இங்கிலாந்தில் பிறந்து கனடாவில் குடியேறிய பொறியியலாளர் எட் விட்லொக், இளமையில் விட்ட ஓட்டத்தை நாற்பது வயதுக்குப் பின்னர் மீண்டும் தொடங்கியவர். முழங்கால் வாதத்தால் அவர் நீண்ட காலம் ஓடமுடியாமல் இருந்ததும் உண்டு. ஆனாலும் 2003 இல், 72 வயதில், மரதன் ஓட்டத்தை 3 மணித்தியாலத்துக்குள் முடித்தார். 70 வயதைக் கடந்த ஒருவர் இதைச் செய்தது அதுவே முதல் தடவை. 2017 இல் காலமாகும்வரை ஓட்டத்தை அவர் விட்டுவிடவில்லை.

எப்படித் தொடங்குவது?

நமது கியூபெக்கிலேயே நடந்த ஓர் ஆய்வு 2018 இல் வெளியானது. முழங்கால் வலியுள்ள 69 ஓட்டக்காரர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். எவ்வளவு ஓடலாம், வலியை எப்படிக் கவனிப்பது என்ற விளக்கம் எல்லோருக்கும் கொடுக்கப்பட்டது. ஒரு குழுவுக்கு உடற்பயிற்சியும், இன்னொரு குழுவுக்கு ஓடும் முறையில் திருத்தமும் சேர்க்கப்பட்டன. மூன்று குழுவினரும் ஏறக்குறைய ஒரேயளவு குணமடைந்தனர். அளவறிந்து ஓடுவதே பாதி மருந்து என்பது இதிலிருந்து தெரிகிறது.

1. முதலில் 30 நிமிடம் வலியின்றி விரைவாக நடக்கப் பழகுவோம்.

2. பின்னர் 1 நிமிடம் மெல்லோட்டம், 2 நிமிடம் நடை என மாறிமாறி 20 நிமிடம். கிழமைக்கு மூன்று நாள் போதும். இடையில் ஒருநாள் ஓய்வு வேண்டும்.

3. பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகமே சரியான வேகம். நேரம், வேகம், நாட்கள் மூன்றையும் ஒன்றாகக் கூட்டக்கூடாது.

4. வலியைப் பத்துக்கு எவ்வளவு என்று கணக்கிடுவோம். ஓடும்போது 2க்கு மேல் போகாமலும், ஓடி முடித்து ஒரு மணித்தியாலத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பியும் இருந்தால் தொடரலாம். இல்லையேல் அடுத்தமுறை குறைப்போம்.

5. கிழமைக்கு இரண்டு நாள் குதிக்காலை உயர்த்தி இறக்குவதும், கதிரையிலிருந்து கைபிடிக்காமல் எழுந்து அமர்வதும் காலுக்குப் பலம் தரும்.

தொழிற்சாலையிலோ உணவகத்திலோ நாள் முழுவதும் நின்று வேலை செய்பவர்கள் அந்த உழைப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். களைத்த கால் விரைவில் காயப்படும். சீமெந்துப் பாதை கடினமாக இருந்தால் புவா-டி-லியெஸ் இயற்கைப் பூங்காவின் பாதைகள் அருகிலேயே இருக்கின்றன. மாரியில் உறைபனியில் வழுக்கி விழுவதைவிட உள்ளரங்க ஓட்டப்பொறி நல்லது.

எப்போது வைத்தியரிடம் போகவேண்டும்?

எலும்பில் ஒரே புள்ளியில் வலி, இரவில் நித்திரையைக் கெடுக்கும் வலி, மூட்டு வீக்கம், முழங்கால் மடங்காமல் பூட்டிக்கொள்வது ஆகியவற்றைப் பொறுத்துக்கொண்டு ஓடக்கூடாது. கியூபெக்கில் வைத்தியரின் கடிதம் இல்லாமலே இயன்மருத்துவரைச் சந்திக்கலாம். 811 ஐ அழைத்துத் தாதியிடம் ஆலோசனை கேட்கலாம். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே 911. நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் தொடங்குமுன் தமது வைத்தியரைக் கேட்பது அவசியம்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள் நம் பெரியோர். இந்த வசந்தத்தில் ஒரு நிமிட ஓட்டத்தோடு தொடங்குவோம். அடுத்த வசந்தத்திலும் ஓடிக்கொண்டிருப்பதே நமது வெற்றி.