மணலைக் கிளப்புவது அலை, கொண்டுபோவது நீரோட்டம்

புயல் கடந்த மறுநாள் கடற்கரைக்குப் போனால் மணல் செங்குத்தாக அரிந்து நிற்பதைப் பார்க்கலாம். போன மணலில் பெரும்பகுதி தொலைவுக்குப் போவதில்லை. கரைக்குச் சற்று அப்பால், கடலடியில் திட்டாகப் படிந்திருக்கும்.

கடலடி மணல் இடம்பெயர இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். களத்தில் நெல் தூற்றும்போது கை தூக்கிவிடுகிறது, காற்று பதரைக் கொண்டுபோகிறது. கடலுக்குள் அலை மணலைக் கிளப்புகிறது, நீரோட்டம் கொண்டுபோகிறது.

அலையின் அசைவு அதன் நீளத்தில் பாதி ஆழம் வரைதான் எட்டும். 5 விநாடிக்கு ஒன்றாக வரும் அலையின் நீளம் ஆழ்கடலில் சுமார் 39 மீட்டர். 20 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் மணலுக்கு அது வருவதே தெரியாது. புயல் எழுப்பும் 10 விநாடி அலையின் நீளமோ சுமார் 156 மீட்டர். அமைதியான நாட்களில் அசையாத ஆழத்து மணலையும் அது கிளப்பிவிடும்.

நீரோட்டத்தை உண்டாக்கும் ஓதம் ஏறி வற்றுகிறதே, போன மணல் திரும்பி வந்துவிடாதா? ஏறும் வேகமும் வற்றும் வேகமும் பல இடங்களில் சமமாக இருப்பதில்லை. நீரின் வேகம் இரட்டித்தால் நகரும் மணல் எட்டு மடங்கோ அதற்கு மேலோ கூடும். அதனால், கொஞ்ச நேரமே பாயும் வேகமான நீர், நெடுநேரம் மெல்ல ஓடும் நீரை விஞ்சிவிடும். பல முகத்துவாரங்கள் தூர்ந்துபோக இதுவும் ஒரு காரணம்.

அலை, நீரோட்டம் இரண்டில் எது ஓங்குகிறது என்பதைக் கடலடி மணல் வரிகளே காட்டும். மணல் வரியின் இருபுறமும் ஒரே சரிவாக இருந்தால் அது அலையின் வேலை. ஒருபுறம் மட்டும் அதிகச் சரிவாக இருந்தால் நீரோட்டத்தின் வேலை. மணல் நகர்வது அந்தப் பக்கம்தான்.

காம்பாத் வளைகுடாவில் ஓதம் 10 மீட்டர் வரை ஏறும். அங்கே ஓதத்தின் கை ஓங்கியிருக்கிறது. சென்னையில் ஏற்ற இறக்கம் சுமார் 1 மீட்டர்தான் என்பதால் மணலின் போக்கை அலைகளே முடிவுசெய்கின்றன. ஆண்டின் பெரும்பகுதி மணல் வடக்கே நகரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கே திரும்பும். கூட்டிக்கழித்தால் மிஞ்சுவது வடக்கு நோக்கிய நகர்வு. 1870களில் கட்டத் தொடங்கிய துறைமுகச் சுவர்கள் அதை மறித்தன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிந்தது.

புயல் எடுத்த மணலை, அமைதியான மாதங்களின் அலைகள் சிறிது சிறிதாகக் கரைக்குத் திருப்பித் தரும். நடுவே சுவர் எழுந்தால் இந்தக் கணக்கு குலையும். எனவே ஒரு மாத அளவீட்டை நம்பிக் கடலில் கல் கொட்டக் கூடாது. பருவமழையும் புயலும் சேர்ந்த முழு ஆண்டுக் கணக்கு வேண்டும். அதைப் பார்க்காமல் இந்தக் கரையில் கட்டும் சுவருக்கு, அதன் வடக்கே வாழும் மீனவக் குப்பங்கள்தான் வீடுகளை விலையாகக் கொடுக்கின்றன.